அழுவதற்கும் அனுமதி வேண்டுமா?

எமது ஊர்ச் செத்தவீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "செத்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்பதுதான். தாய்க்கு ஓரிடம், மனைவிக்கு ஓரிடம், சகோதரிக்கு ஓரிடம் என்று எல்லாம் ஒழுங்காக வகுக்கப்பட்டிருக்கிறது. முறை சொல்லத் தெரிந்தவர் உள்ளே போயிருந்து அழலாம். எட்டுச் செலவு வரையிலும், அந்தியேட்டி வரையிலும் அவருடைய துக்கத்துக்குச் சமூகம் காவல் நிற்கும். முறை சொல்ல முடியாதவரோ படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தன் உயிராக நேசித்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். மரணத்தினாலோ, பெற்றோர் நிச்சயித்த கலியாணத்தினாலோ அவளை இழந்துவிட்டாள். இவள் என்ன முறை சொல்லுவாள்? "சிநேகிதி" என்றுதான் சொல்லுவாள். சிநேகிதிக்கு இரண்டு மூன்று நாள் துக்கம் போதுமென்று நாம் தீர்ப்பெழுதிவிடுவோம். நாலாம் நாளும் அவள் சாப்பிடாமல் கிடந்தால், "இவளுக்கு என்ன பிடித்தது?" என்று கேட்போம். அதற்கடுத்த வாரம் ஒரு மாப்பிள்ளையின் சாதகத்தைக் கொண்டுவந்து வைப்போம்.

இந்தப் பீடிகைக்குக் காரணம் ஒரு நாவல். அமெரிக்க எழுத்தாளர் நீனா லக்கூர் 2017இல் வெளியிட்ட 'வீ ஆர் ஓகே'. 'நாம் நலமே' என்று தமிழிற் சொல்லலாம். பதின்வயதைக் கடந்துகொண்டிருக்கும் வாசகர்களுக்காக எழுதப்பட்ட காதற்கதை. காதலித்தவர்கள் இருவரும் பெண்கள். இளையோர் இலக்கியத்துக்கென அமெரிக்க நூலகச் சங்கத்தினர் வழங்கும் மைக்கேல் எல். பிரின்ற்ஸ் விருது 2018இல் இதற்குக் கிடைத்தது.

கதை மிகச் சிறியது. மரீன் என்பவள் மூன்று வயதில் தாயைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். சான் பிரான்சிஸ்கோவில் பாட்டனாரின் கையிலே வளர்ந்தவள். பாடசாலை முடிந்து கல்லூரிக்குப் போகவிருக்கும் கோடையில் அந்தப் பாட்டனாரும் கடலோடு போய்விடுகிறார். மரீன் எவருக்கும் சொல்லாமல், எதையும் எடுத்துக்கொள்ளாமல், நாட்டின் மறுகரையில் இருக்கும் கல்லூரிக்கு ஓடிப்போகிறாள். மார்கழி விடுமுறைக்கு எல்லோரும் வீடு போய்விட, பனி மூடிய விடுதியில் அவள் மட்டும் தனியே இருக்கிறாள். அங்கே அவளைத் தேடி மேபல் வருகிறாள். மாதக்கணக்காக மேபல் அனுப்பிய செய்திகளுக்கு மரீன் மறுமொழி எழுதவில்லை. மேபல் அவளுடைய நெருங்கிய தோழி. ஒரு கோடை காலத்தில் காதலியாகவும் இருந்தவள். இருவரும் மூன்று நாட்கள் சேர்ந்து இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்த நாவலில் வில்லன் இல்லை. மேபலின் பெற்றோர் மரீனைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்ளத் துடிக்கிறார்கள். அந்தக் காதலுக்கு எவரும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது துக்கம் ஒன்றே. காதலுக்கு நியாயம் கற்பிக்கும் வேலை ஆசிரியருக்கு இல்லாதபடியால், துயரம் ஓர் இளம் மனத்தை எப்படி உறையவைக்கிறது, அது எப்படி மெல்ல மெல்ல இளகுகிறது என்பதை முழுக் கவனத்தோடும் எழுத அவரால் முடிந்திருக்கிறது.

அதே 2017இல் எமது இரத்தத்திலிருந்தே ஒரு நாவல் வந்தது. ஈழத்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற எஸ். ஜே. சிந்து எழுதிய 'மேரேஜ் ஒவ் எ தௌசண்ட் லைஸ்'. ஆயிரம் பொய்களாலான திருமணம்! ஆயிரம் பொய்யைச் சொல்லி ஒரு கலியாணத்தை நடத்து என்ற எமது பழமொழியை நினைக்காமல் அந்தத் தலைப்பை எந்தத் தமிழரும் வாசிக்க இயலாது. லக்கி என்று அழைக்கப்படும் லக்ஷ்மியும் அவளுடைய கணவன் கிருஷ்ணாவும் ஊர் வாயை மூடுவதற்காக மணம் செய்துகொண்டவர்கள். அவள் பெண்களை விரும்புபவள். அவன் ஆண்களை விரும்புபவன். அம்மம்மா விழுந்துவிட, அவரைப் பராமரிக்க லக்கி பொஸ்ரன் பக்கத்திலுள்ள தாய் வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே அவளுடைய முதற்காதலி நிஷா, சரியாகப் பழகியும் அறியாத ஒருவனுக்கு மனைவியாகத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். காதலியின் கலியாண ஆயத்தத்தில், தோழி என்ற பெயரில், புன்னகையோடு ஒத்தாசை செய்ய வேண்டிய நிலை லக்கிக்கு. இது இளையோருக்கென்று முத்திரையிட்டு வந்த நாவல் அன்று. ஆனால் எமது இளையோருக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் கண்டதில்லை. மரீனுக்கு அழுவதற்கு ஓர் அறையாவது இருந்தது. லக்கிக்கு அதுவும் இல்லை.

இரண்டும் ஆங்கில நூல்கள். ஜெயபுரத்தில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைக்கோ, கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் பிள்ளைக்கோ எட்டாதவை. பெண்ணொருத்தி பெண்ணொருத்தியை நேசித்து, இழந்து, துக்கித்து, பின்னும் உயிர்வாழும் கதை எமது பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில், அவர்களுடைய மொழியில் இருக்க வேண்டும். இதுவே எனது வாதம். இதற்கு வரக்கூடிய மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது மறுப்பு: "வன்னிக்கு இப்போது இதுவா அவசரம்? காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், தொழில், தண்ணீர் என்று ஆயிரம் இருக்கையில் பெண்களின் காதற்கதைக்கு என்ன வந்தது?"

இதைச் சொல்பவர்கள் நேர்மையானவர்கள். ஆகையால் இதற்கு நேர்மையாகவே மறுமொழி சொல்ல வேண்டும். பூநகரிப் பிரதேசத்திலுள்ள ஜெயபுரம், 1983 வன்செயலில் தெற்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் குடியமர்ந்த மண். 2008இன் பிற்பகுதியில் போர் நெருங்கியபோது அந்த மக்களே மீண்டும் மூட்டை கட்டினார்கள். கிழக்கு நோக்கி நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் மணலில் 2009 மே மாதத்தைக் கண்டார்கள். பிறகு மெனிக் பாம் முட்கம்பி. இப்படிப்பட்ட மக்களுக்குத்தான் "பிறகு பார்ப்போம்" என்ற சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். முதலில் இனப்பிரச்சினை தீரட்டும், சாதியைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களின் குறைகளைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பெண்கள் பிரச்சினையையும் பிறகு பார்ப்போம் என்றார்கள். வரிசையில் நிற்கவைக்கப்பட்டவர்கள் ஒருபோதும் வரிசையின் முன்னால் வந்து சேர்வதில்லை என்பதே எமது அரை நூற்றாண்டு அனுபவம். மேலும், ஒரு நூலை மொழிபெயர்ப்பதால் எவருடைய காணியும் விடுவிக்கப்படாமற் போய்விடாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. துக்கம் என்பது எமக்கு வெறும் அந்தரங்க விடயம் அன்று. அது எமது அரசியல். 2009க்குப் பின்னர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. இறந்த பிள்ளைக்கு ஒரு விளக்கேற்றுவதற்குத் தாய்மார் தடையுத்தரவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, மாணவர் பட்டினி கிடந்து போராடினார்கள். தூபி மீண்டும் எழுந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே என்ற அவர்களது கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வியும் இருந்தது. பதில் தெரியாமல் எப்படி அழுவது என்பதே அது. சடங்கு செய்யப்படாத சாவு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை உலகுக்கு விளக்கக்கூடிய தகுதி எமக்குண்டு.

அந்தத் தகுதியே எமக்கு ஒரு கடமையையும் தருகிறது. "யாருக்காக நான் அழலாம் என்பதை நீ தீர்மானிக்காதே" என்று அரசைப் பார்த்துச் சொன்ன ஒரு சமூகம், தன் வீட்டுக்குள்ளே இருக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, "யாருக்காக நீ அழலாம் என்பதை நாங்கள் தீர்மானிப்போம்" என்று எந்த முகத்தோடு சொல்லும்?

இரண்டாவது மறுப்பு: "இது மேற்கிலிருந்து வந்த சரக்கு. தமிழ்ப் பண்பாட்டில் இதற்கு இடமில்லை."

பிசிராந்தையாரைப் பாடசாலையில் படித்தவர்கள்தானே நாமெல்லோரும்? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவனை ஒருமுறையேனும் கண்டறியாத பாண்டிநாட்டுப் புலவர் நடந்துவந்து, பக்கத்திலிருந்து உயிர் துறந்தார். இரத்த உறவுமில்லை, கலியாண உறவுமில்லை. பழந்தமிழ்ப் புலவர்கள் அந்தத் துக்கத்துக்கு முறை கேட்கவில்லை; வியந்து பாடி வைத்தார்கள். தலைவனை இழந்தோரின் ஆற்றாமைக்குக் கையறுநிலை என்றொரு துறையே வகுத்தார்கள். இந்தப் பழங்கதைக்குள்ளே ஒருபாற் காதலைத் தோண்டியெடுக்கும் முயற்சி எனக்குத் தேவையில்லை. நான் சொல்வது எளிய விடயம். முறைப்பெயருக்குள் அடங்காத அன்பையும், அந்த அன்பு விட்டுச்செல்லும் துயரத்தையும் மதிக்கத் தெரிந்த இலக்கியம் எமது இலக்கியம். குறுகியது பண்பாடு அன்று. அதைக் காவல் காப்பதாகச் சொல்லிக்கொள்வோரின் மனம்.

மேற்கிலிருந்து வந்தது எது என்றும் பார்ப்போம். 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள்தான் அங்கிருந்து வந்தவை. 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் எமது நாடாளுமன்றம் அதைத் திருத்தியபோது, "ஆண்" என்றிருந்த இடத்தில் "ஆள்" என்று போட்டுப் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டது. வெள்ளைக்காரன் மறந்ததை நாம் நிரப்பிக் கொடுத்தோம்! 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, ரொசானா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இந்தச் சட்டம் பெண்களின் உரிமையை மீறுவதாக இலங்கைக்கு எதிராகத் தீர்மானித்தது. 2023 மே மாதம், அந்தப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

இனி எனது சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். 1999இல் கொழும்பு ஆங்கில நாளிதழான 'தி ஐலண்ட்' ஒரு வாசகர் கடிதத்தைப் பிரசுரித்தது. பெண்களைக் காதலிக்கும் பெண்களுக்குப் புத்தி வர, அவர்கள் நடுவே பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு எதிராகப் பத்திரிகைப் பேரவையிடம் முறைப்பாடு போனது. 2000இல் பேரவை முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்தது மட்டுமல்ல, முறையிட்டவரையே செலவுத் தொகை கட்டச் சொன்னது. இதைத் தனியொரு பத்திரிகையின் கதையாக எண்ணிவிட வேண்டாம். தமிழ்ச் செய்தி மேசைகளின் வழக்கத்தைப் பாருங்கள். இரு இளம்பெண்கள் சேர்ந்து இறந்துபோனால் "இணைபிரியாத் தோழிகள்" என்று எழுதி மூடிவிடுவோம். அவர்களே சேர்ந்து வாழ முற்பட்டால் "விபரீத உறவு", "கலாசாரச் சீரழிவு" என்று தலைப்பிடுவோம். செத்தால் தோழி, வாழ்ந்தால் விபரீதம். இதுதான் எமது பத்திரிகா தர்மம்!

எமது சொற்களே குற்றம் செய்கின்றன. "ஓரினச் சேர்க்கை" என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு முழு வாழ்க்கையையும் படுக்கைக்குச் சுருக்கிவிடும் சொல் அது. லக்கூரின் நாவலில் மரீனும் மேபலும் அந்த மூன்று நாட்களிற் செய்வதெல்லாம் பேசுவதும், பேசாதிருப்பதும், குளிரில் நடுங்குவதும், ஒருவரையொருவர் இழந்துவிட்டதை மெல்ல ஒப்புக்கொள்வதும்தான். இதை எந்தச் சேர்க்கைக்குள் அடக்குவது? தமிழ்நாட்டில் இந்தச் சொற்குற்றத்துக்கு நீதிமன்றத்தின் தலையீட்டால் ஒரு பரிகாரம் வந்தது. 2022இல் மாநில அரசு, ஊடகங்களும் அரசு அலுவலகங்களும் பயன்படுத்த வேண்டிய மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

அந்தத் தலையீட்டின் பின்னணியும் அறியத்தக்கது. மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னையில் தஞ்சம் புகுந்த இரு இளம்பெண்கள், பெற்றோராலும் பொலிசாராலும் தொல்லை வராமற் காக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தில் தமக்குப் போதிய விளக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று கற்றுக்கொண்டு, 2021 ஜூனில் உத்தரவு வழங்கினார். அடுத்த ஆண்டு எமது நாட்டின் கிழக்கிலும் இதேபோல இரு தமிழ் பேசும் இளம்பெண்கள் நீதிமன்றில் நிறுத்தப்பட்டார்கள். அங்கே உளநல நிபுணரிடம் போனவர் நீதிபதி. இங்கே அனுப்பப்பட்டவர்கள் அந்தப் பெண்கள். இரண்டு தமிழ் நிலங்களுக்குமிடையே பாக்கு நீரிணையை விட அகலமான ஒன்று இருப்பதை இதிலே காணலாம்.

மூன்றாவது மறுப்பு: "பிள்ளைகள் படித்தால் கெட்டுப்போவார்கள்."

கடலின் அந்தப் பக்கத்திலும் இதைச் சொன்னார்கள். நான்சி கார்டன் 1982இல் எழுதிய 'அனி ஒன் மை மைண்ட்' இரு பதினேழு வயதுப் பெண்களின் காதலைச் சொல்லும் நாவல். 1993இல் கன்சாஸ் நகரப் பகுதிப் பாடசாலைகளுக்கு அது அன்பளிப்பாகக் கிடைத்தபோது, எதிர்த்தவர்கள் கல்வி அலுவலக வாசலில் அதைக் கொளுத்தினார்கள். ஒரு கல்வி மாவட்டம் தன் நூலகங்களிலிருந்தே அதை அகற்றியது. மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள்; 1995இல் நூலைத் திரும்ப வைக்கும்படி சமஷ்டி நீதிமன்றம் கட்டளையிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைத்து இன்னமும் நெஞ்சு கனக்கும் நாம், புத்தகத்துக்குப் பயப்படுகிறவர்களின் பக்கத்தில் நிற்கலாமா?

பிள்ளைகளைக் கெடுப்பது எது என்று நான் சொல்லவா? பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்குச் சாவைத் தவிர வேறு முடிவில்லை என்ற கதைதான் கெடுக்கிறது. பத்மராஜன் பெரிய கலைஞர். ஆனால் 1986இல் அவர் எடுத்த 'தேசாடனக்கிளி கரையாறில்லை' என்ற மலையாளப் படத்தில், ஓடிப்போன இரு மாணவியரும் இறுதியில் இறந்துதான் கிடக்கிறார்கள். கதை சொல்பவர்கள் இப்படித் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, கேட்கும் பிள்ளை அதைத் தன் சாதகக் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. லக்கூரின் மரீன் சாகவில்லை. மேபலுக்கு இப்போது வேறொரு காதலன் இருக்கிறான். பழைய காதல் திரும்பாது. பாட்டனாரும் திரும்பார். ஆயினும் மரீன் உண்கிறாள், உறங்குகிறாள், கடைசியில் ஒரு குடும்பத்தின் அணைப்பை ஏற்கிறாள். துக்கத்தைப் பற்றிய நாவல் என்பது இறந்தவரைப் பற்றியதன்று, எஞ்சியவரைப் பற்றியது. எஞ்சியவர்களால் ஆன நிலம் வன்னி. இதை நாமே புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்?

இந்த வகையில் வருவதெல்லாம் நல்ல இலக்கியம் என்று நான் சாதிக்க வரவில்லை. சீனிப்பாகு ஊற்றிய காதற்கதைகள் இதிலும் மலிந்து கிடக்கின்றன. துயரத்தை ஒரு அலங்காரமாகத் தூவிவிட்டு, கடைசிப் பக்கத்தில் முத்தத்தோடு முடித்துவிடும் நூல்களும் உண்டு. அவற்றை விமர்சகர்கள் தாராளமாகக் கிழிக்கட்டும். ஆண்-பெண் காதல் நாவல்களில் குப்பை மிகுந்தமைக்காக நாம் காதல் நாவலையே தடைசெய்யவில்லையே!

ஆகவே செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பதிப்பாளர்கள் முதலில் சிந்துவின் நாவலை நல்ல ஈழத்தமிழில் கொண்டுவரட்டும். அந்த வீட்டுக்குள் பேசப்படும் மொழி எமது மொழி. பிரதேச சபை நூலகங்களுக்கு நூல் தெரிவு செய்பவர்கள், பயிற்சி வினாத்தாள் தொகுப்புகளுக்கு ஒதுக்கும் இறாக்கையில் இரண்டு அங்குலத்தை இதற்கு விட்டுக்கொடுக்கட்டும். செய்தி ஆசிரியர்கள் "விபரீதம்" என்ற சொல்லை அச்சுக்கு அனுப்ப முன்னர், அதைத் தம் மகள் வாசிப்பாள் என்று ஒரு கணம் எண்ணட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நாவலை வன்னியிலிருந்தே ஒருத்தி எழுத வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்தில் எமது பெண்கள் தம் கவிதைகளைத் தொகுத்தபோது 'சொல்லாத சேதிகள்' என்று பெயரிட்டார்கள். அன்றைக்கும் அவர்கள் கேட்டது எவருடைய அனுமதியையும் அல்ல. சொல்லாத சேதிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றிலொன்றை நெஞ்சிலே வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக் குளக்கட்டுகளில் யாரோ ஒருத்தி நடந்துகொண்டிருக்கக்கூடும். அவள் எழுதத் தொடங்கும் நாளில், "இறந்தவள் உனக்கு என்ன முறை?" என்று எவரும் அவளைக் கேட்காதிருக்கட்டும்.